பேசும் விலங்கும் பிள்ளை உள்ளமும்: ஆங்கிலச் சிறுவர் புனைகதை வரலாற்றில் ஒரு வழக்கு

1931ஆம் ஆண்டிலே சீன தேசத்து ஹூனான் மாகாணத்தின் ஆளுநராய் விளங்கிய தளபதி ஹோ சியென் பள்ளிப் பாடநூல்களைப் பற்றி ஒரு முறைப்பாட்டை எழுப்பினார். நாய் பேசுகின்றது, பன்றி பேசுகின்றது, வாத்துப் பேசுகின்றது என்று சிறுவர் நூல்களில் எழுதியிருத்தல் தகாது. விலங்கினை மனிதனோடு ஒப்ப வைத்தல் இளம் உள்ளங்களைக் கெடுக்கும் என்பதே அதன் சாரமாகும். லூயிஸ் கறோல் எழுதிய ‘அற்புத உலகில் அலிஸ்’ என்னும் ஆங்கிலக் கதை நூலும் அம்மாகாணத்தில் விலக்கப்பட்டதென மேனாட்டுப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. செய்தியைப் படித்தோர் நகைத்தனர். ஆயினும் அத்தளபதி எழுப்பிய வினா புதியதன்று. பேசா விலங்கினைப் பேசுவதாகச் சிறுவர்க்குக் கூறுதல் பொய்யாகாதா? அப்பொய் அவர்தம் அறிவுக்கு ஊறு செய்யாதா? ஐரோப்பாவின் தலைசிறந்த சிந்தனையாளர் சிலர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு போராடியுள்ளனர். அப்போராட்டத்தின் வரலாறே ஆங்கிலச் சிறுவர் புனைகதையின் வரலாறும் ஆகும் எனின் அது மிகையாகாது.

விலங்குக் கதை தோன்றிய காலத்தில் இவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. அது சிறுவர்க்கெனத் தனியே தோன்றியதுமன்று. கிரேக்க தேசத்து ஈசோப்பின் பெயரால் வழங்கும் கதைகள் அரசியல் மன்றுகளிலும் நாவன்மைப் பயிற்சியிலும் பயன்பட்டவை. நம் பாரத தேசத்துப் பஞ்சதந்திரமோ அரசகுமாரர் மூவர்க்கு விஷ்ணுசர்மன் ஆறு திங்களில் அரசநீதி புகட்டிய வரலாறாகத் தன்னை அறிமுகஞ் செய்துகொள்கின்றது. இந்நூல் ஆறாம் நூற்றாண்டிற் பாரசீகத்துப் பஹ்லவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் பெயர்ந்து, பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றினும் பரவிற்று. 1678இல் தமது இரண்டாந் தொகுதியை வெளியிட்ட பிரெஞ்சுப் புலவர் லா பொன்தேன், அதன் பெரும் பகுதிக்குப் பில்பாய் என்னும் இந்திய ஞானிக்குத் தாம் கடமைப்பட்டிருத்தலை வெளிப்படையாகவே கூறியுள்ளார். இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கலையை நிறுவிய வில்லியம் கக்ஸ்ரன், நரிக் கதையாகிய ‘றேனாட்’ என்பதை 1481இலும், ஈசோப்பின் கதைகளை 1484இலும் அச்சிட்டார். அந்நூல்களை வாங்கியோர் வளர்ந்தோரே. முதியோர் படிக்கக் கேட்டும், அடுப்பங்கரையிற் பணிப்பெண்டிர் கூறக் கேட்டுமே சிறுவர் அக்கதைகளைத் தமதாக்கிக் கொண்டனர்.

சிறுவர் படிப்பதற்குத் தகுந்தது யாது என ஆராயப் புகுந்தபொழுதே ஐயமும் உடன் புகுந்தது. 1693இல் வெளிவந்த கல்வி பற்றிய தமது நூலிலே ஜோன் லொக் என்னும் தத்துவஞானி இரு வகைக் கதைகளைப் பிரித்துக் காட்டினார். பேய், பூதம் முதலியவற்றைக் கூறிப் பணியாளர் குழந்தைகளை அச்சுறுத்தலை அவர் வன்மையாகக் கண்டித்தார். இருளைக் கண்டு அஞ்சும் இயல்பு அதனால் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும் என்றார். ஆனால் ஈசோப்பின் விலங்குக் கதைகளை அவர் விலக்கவில்லை. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அதனினும் சிறந்த நூல் வேறில்லை எனவும், படங்களோடு கூடிய பிரதியாயின் மேலும் நன்று எனவும் உரைத்தார். ஆகவே பேய் வெளியேற்றப்பட்டது. விலங்கு உள்ளே அனுமதிக்கப்பட்டது. ஆயின் அவ்வனுமதி நிபந்தனையோடு கூடியது. மகிழ்ச்சியூட்டி வாசிப்பை வளர்த்தலும் பயனுள்ள சிந்தனையை விதைத்தலும் விலங்கின் கடமைகளாயின.

இக்கருத்தைப் பின்பற்றி 1744இல் ஜோன் நியூபெரி என்னும் இலண்டன் புத்தக வணிகர் சிறுவர்க்கெனச் சிறியதோர் அழகிய நூலை வெளியிட்டார். நூலின் விலை ஆறு பென்ஸ். ஆண்பிள்ளைக்கு ஒரு பந்தோ, பெண்பிள்ளைக்கு ஊசி குத்தும் சிறு திண்டோ சேர்த்து வாங்கின் எட்டுப் பென்ஸ். சிறுவர் நூல் என்பது தனியொரு வணிகமாக வளர்ந்தமைக்கு இந்நூல் வழிகோலியது என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர்.

லொக் திறந்துவைத்த வாயிலை அடைத்துவிட முயன்றவர் றூசோ ஆவர். 1762இல் வெளிவந்த ‘எமில்’ என்னும் நூலில் அவர் லா பொன்தேனின் காகமும் நரியும் பற்றிய கதையை அடியடியாகப் பிரித்து ஆராய்கின்றார். நரிகள் பேசுமா, பேசின் காகமும் நரியும் ஒரே மொழியைப் பேசுமா எனப் பிள்ளை வினவினால் ஆசிரியர் என்ன விடை கூறுவார் என்பது அவரது கேள்வி. கட்டுக்கதை வளர்ந்தோர்க்குப் பயன்படலாம். பிள்ளைக்கோ மறைப்பற்ற உண்மையே வேண்டும் என்பது அவர் முடிபு. எமிலுக்கு அவர் முதன்முதல் அளிக்க விரும்பிய நூல் தனித் தீவில் வாழ்ந்த றொபின்சன் குறூசோவின் வரலாறே.

றூசோவின் வாதத்தில் எளிதில் ஒதுக்க முடியாத ஒரு பகுதியும் உண்டு. பிள்ளைகள் இக்கதைகளைக் கேட்கும்போது எவர் பக்கம் சேர்கின்றனர் என்பதை உற்றுநோக்கும்படி அவர் கூறினார். ஏமாந்த காகத்தை அவர்கள் எள்ளுகின்றனர். ஏமாற்றிய நரியையே விரும்புகின்றனர். வேட்டையைப் பங்கிடும் கதையில் சிங்கமாக இருக்கவே ஆசைப்படுகின்றனர். எறும்பின் கதையிலோ இரந்து வந்தவனை ஏளனஞ் செய்து விரட்டக் கற்றுக்கொள்கின்றனர். கதையின் முடிவில் நாம் எழுதிவைக்கும் நீதி ஒன்று. பிள்ளை எடுத்துக்கொள்வது வேறொன்று. இவ்வுண்மையை இத்துணைத் தெளிவாகக் கண்ட றூசோ, கதையையே விலக்க வேண்டுமென முடிவுகட்டினார். நீதியைக் கதையின் வாலிற் கட்டுவதே தவறாயிருக்கலாம் என அவர் எண்ணவில்லை. எமில் என்பான் ஏட்டிலே பிறந்து ஏட்டிலே வளர்ந்த கற்பனைச் சிறுவன் என்பதும், றூசோ தம் சொந்தக் குழந்தைகளை அநாதை இல்லத்தில் ஒப்படைத்தவர் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கவை.

இருவர்க்கும் இடையே சமரசங் காண முயன்றவர் சாரா திறிமர் அம்மையார் (1741–1810). பன்னிரு மக்களை ஈன்று வளர்த்த இவ்வம்மையார், 1786இல் றொபின் குருவிக் குடும்பமொன்றின் கதையை எழுதி வெளியிட்டார். றொபின், டிக்கி, பிளப்சி, பெக்சி என்னும் நான்கு குஞ்சுகளும் தாய் தந்தையரோடு பேசுகின்றன. அவற்றைப் பேணும் மனிதக் குடும்பத்துப் பிள்ளைகள் உயிர்களிடத்து அன்பு பயில்கின்றனர். ஆனால் குருவிகள் பேசுவது போன்ற பொய்யை எழுதிவிட்டோமே என்னும் அச்சம் அம்மையாரை விட்டகலவில்லை. இவை பறவைகளின் மெய்யான உரையாடல்கள் அல்ல, நீதி புகட்ட வந்த கட்டுக்கதைகளே எனப் பிள்ளைகட்கு விளக்க வேண்டுமென முன்னுரையில் அவர் எச்சரித்தார். 1802 முதல் 1806 வரை அவர் நடத்திய ‘கல்விக் காவலன்’ என்னும் இதழ், சிறுவர் நூல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தீர்ப்புக் கூறியது. சிண்டரெல்லா போன்ற மாயக் கதைகள் அவ்விதழிற் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. விந்தை யாதெனில், அம்மையாரின் முன்னுரையைப் பின்வந்த தலைமுறைகள் மறந்துவிட்டன. குஞ்சுகள் நான்கையும் மறக்கவில்லை. ‘றொபின் குருவிகளின் வரலாறு’ என்னும் பெயரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அந்நூல் விரும்பிப் படிக்கப்பட்டது.

அக்காலத்து நீதி நூல்களின் பெருக்கத்தை வெறுத்தோரும் உளர். கட்டுரையாளர் சாள்ஸ் லாம் 1802இல் தம் நண்பராகிய கவிஞர் கோல்றிஜுக்கு எழுதிய கடிதத்தில், பழைய கதை நூல்களைத் தேடி நியூபெரியின் கடைக்குச் சென்ற தம் தமக்கையார் அவற்றை எளிதிற் பெற இயலாமற் போனமையைச் சுட்டி வருந்தினார். பிள்ளையை மனிதனாக்கும் கற்பனை மிகுந்த கதைகள் இருந்த இடத்தில் இப்பொழுது வறண்ட தகவல்கள் அடுக்கப்பட்டுள்ளன என்பது அவர் குற்றச்சாட்டு.

விடுதலையின் முதற்குரல் எதிர்பாராத இடத்திலிருந்து எழுந்தது. லிவர்பூல் நகரத்து வில்லியம் றொஸ்கோ வரலாற்றாசிரியர். பாராளுமன்ற உறுப்பினராயிருந்து அடிமை வாணிக ஒழிப்புக்கு ஆதரவளித்தவர். அவர் தம் இளம் புதல்வனை மகிழ்விக்கும் பொருட்டு வண்ணத்துப்பூச்சி நடத்திய கூத்தையும் வெட்டுக்கிளி அளித்த விருந்தையும் பாடி, 1807இல் நூலாக்கினார். எறும்பு வந்தது, நத்தை வந்தது, வண்டு வந்தது; உண்டு களித்து வீடு திரும்பின. அவ்வளவே கதை. இதனால் அறியப்படும் நீதி யாது என வினவுவார்க்கு அந்நூலில் விடையே இல்லை. எனினும் அது பெருவரவேற்புப் பெற்றது. அதனைப் பின்பற்றிப் பல நூல்கள் எழுந்தன.

பின்னர் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து புதுவெள்ளம் பாய்ந்தது. கிறிம் சகோதரர் 1812 முதல் வெளியிட்ட ஜெர்மானிய நாட்டார் கதைகள் 1823இல் எட்கார் ரெயிலரால் ஆங்கிலமாக்கப்பட்டன. டென்மார்க்கு நாட்டு அன்டர்சனின் கதைகள் 1846இல் ஆங்கிலத்தில் வந்தன. கிறிம் கதைகளின் ஆங்கிலப் பதிப்புக்குச் சித்திரம் வரைந்து புகழ்பெற்றவர் ஜோர்ஜ் குறூக்சாங். அவரே முதுமையில் மதுவிலக்கு இயக்கத்திற் சேர்ந்து, பழைய மாயக் கதைகளை மதுவின் தீமை கூறும் பிரசாரங்களாக மாற்றி எழுதத் தொடங்கினார். இதனைக் கண்டு வெகுண்ட நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ், 1853இல் தமது வார இதழில் அவரைக் கண்டித்துக் கட்டுரை வரைந்தார். பயன் ஒன்றையே போற்றும் இக்காலத்தில் மாயக் கதைகள் மதிக்கப்பட வேண்டும் என்பது டிக்கன்சின் வாதம். இருவரும் நெடுநாள் நண்பர்; மதுவின் கொடுமையை டிக்கன்சும் அறியாதவரல்லர். ஆயினும் நல்ல நோக்கத்திற்காகவும் கதையைச் சிதைத்தலாகாது என்பதில் அவர் உறுதியாய் நின்றார்.

இச்சூழ்நிலையிலே தோன்றியவை இரு பெரும் நூல்கள். 1863இல் பாதிரியார் சாள்ஸ் கிங்ஸ்லி எழுதிய ‘நீர்க் குழந்தைகள்’ என்னும் நூலில், புகைபோக்கி துடைக்கும் ரொம் என்னும் ஏழைச் சிறுவன் ஆற்றில் மூழ்கி நீர்வாழ் குழந்தையாகின்றான். மீனோடும் பூச்சியோடும் உறவாடி வளர்கின்றான். சிறுவரைப் புகைபோக்கியுள் ஏற்றும் கொடுமைக்கெதிராக 1864இற் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்கொடுமை ஒழிந்தது. மாயக் கதை உலகியலை மறக்கச் செய்யும் என்பார்க்கு இந்நூல் தக்க மறுமொழியாகும். எனினும் கிங்ஸ்லி இடையிடையே கதையை நிறுத்திப் போதனை செய்யும் பழக்கத்தை விட்டாரல்லர்.

அதனை முற்றாக விட்டவர் லூயிஸ் கறோல். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் அவர் கணித விரிவுரையாளர். 1862ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, கல்லூரித் தலைவரின் புதல்வியர் மூவரோடு படகிற் சென்றபொழுது, பத்து வயதினளாகிய அலிஸின் வேண்டுகோளுக்கிணங்க அவர் கூறிய கதையே 1865இல் நூலாயிற்று. முயல் கடிகாரத்தைப் பார்க்கின்றது; புழு புகைபிடிக்கின்றது; பூனை சிரிப்பை மட்டும் விட்டு மறைகின்றது. இவற்றுள் எதுவும் எந்த நீதியையும் புகட்டவில்லை. அதற்கு மேலாக, நீதிநூல் மரபையே கறோல் நகைப்புக்கு உரியதாக்கினார். ஐசாக் வாற்ஸ் என்பார் 1715இல் வெளியிட்ட சிறுவர் பாடலொன்று உழைக்கும் தேனீயை முன்மாதிரியாகக் காட்டியது; ஆங்கிலப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதனை மனனஞ் செய்தனர். அலிஸ் அதனை ஒப்புவிக்க முயலும்போது தேனீயின் இடத்தில் மீன்களை வரவேற்று விழுங்கும் முதலை வந்துவிடுகின்றது. அந்நூலில் வரும் சீமாட்டி ஒருத்தியோ எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதிலிருந்து ஒரு நீதியைப் பிழிந்தெடுக்கின்றாள். அலிஸ் இவ்விலங்குகளுக்கும் மாந்தர்க்கும் அடிபணிபவளல்லள். அவர்களோடு வாதிடுகின்றாள், ஐயுறுகின்றாள், ஈற்றில் அவர்களெல்லாம் வெறுஞ் சீட்டுக்கட்டே எனக் கண்டு விழித்தெழுகின்றாள். பேசும் விலங்கைக் கேட்ட பிள்ளை அறிவிழந்துவிடும் என அஞ்சிய றூசோவுக்கு நூறாண்டின் பின் கிடைத்த விடை இதுவெனலாம்.

இதன் பின்னர் விலங்குக் கதை பல கிளைகளாகப் படர்ந்தது. 1877இல் அனா சூவெல் எழுதிய ‘கறுப்பழகு’ ஒரு குதிரை தன் வாயாலே கூறும் வாழ்க்கை வரலாறு. அது சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. குதிரை வைத்திருப்போர்க்கும் ஓட்டுவோர்க்கும் எழுதப்பட்டது. குதிரையின் தலையை வலிந்து மேலே இழுத்துக் கட்டும் வாரின் கொடுமையை அந்நூல் உலகறியச் செய்தது. இங்கே விலங்கு மனிதர்க்குரிய நீதியைக் கூறவில்லை. தன் வேதனையையே கூறிற்று.

1865இற் பம்பாயிற் பிறந்த ருட்யாட் கிப்ளிங் அமெரிக்காவின் வெர்மொன்ற் பகுதியில் வாழ்ந்த காலத்தில் எழுதிய ‘வனநூல்’ 1894இலும் அதன் இரண்டாம் பாகம் 1895இலும் வெளிவந்தன. மத்திய இந்தியக் காட்டில் ஓநாய்கள் வளர்த்த மௌக்லியின் கதை இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றது. காட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படிதலை வற்புறுத்தும் அக்கதைகளில் ஏகாதிபத்தியத்தின் சாயலைக் கண்டோர் உளர், அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றதன்று. 1916இற் பேடன் பவல் சிறு பிள்ளைகளுக்கு வகுத்த குருளைச் சாரணர் இயக்கம் தன் பெயர்களையும் சடங்குகளையும் இந்நூலிலிருந்தே பெற்றது. ஈழத்துப் பாடசாலைகளிலே சாரணத் தலைவரைச் சிறுவர் ‘அகேலா’ என அழைப்பதன் மூலம் இதுவே.

பியாற்றிக்ஸ் பொற்றர் அம்மையார் 1893ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆந் திகதி, நோயுற்றிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எழுதிய படக் கடிதமே பீற்றர் என்னும் முயலின் கதை. வெளியீட்டாளர் பலர் மறுத்தமையால் 1901இல் 250 பிரதிகளைத் தம் செலவிலேயே அச்சிட்டார். மறு ஆண்டு அது முறையாக வெளிவந்தது. காளான்களை நுணுகி ஆராய்ந்த அம்மையாரின் ஆய்வுரையொன்று 1897இல் இலண்டன் லின்னேயன் கழகத்தில் அளிக்கப்பட்டது. பெண்களுக்கு அக்காலத்தில் அக்கழகக் கூட்டத்திற் கலந்துகொள்ளும் உரிமையில்லை. அவர் வரைந்த முயல் நீலச் சட்டை அணிந்திருப்பினும் அதன் எலும்பும் தசையும் மெய்யான முயலுக்குரியவை. பீற்றரின் தந்தை தோட்டக்காரர் வீட்டிற் கறியாகிவிட்டமையையும் அவர் மறைத்தாரல்லர். கற்பனையும் உண்மையும் பகைகளல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1902இல் எடித் நெஸ்பிற் அம்மையார், மணற்குழியில் வாழும் மாயப் பிராணி ஒன்றைக் கண்டெடுத்த ஐந்து பிள்ளைகளின் கதையை எழுதினார். நாளொன்றுக்கு ஒரு வரம். சூரியன் மறைந்ததும் அதன் பயன் மறைந்துவிடும். பொன் கேட்டனர், பழங்காலப் பொன் நாணயமாதலின் கடையில் எவரும் ஏற்கவில்லை. அழகு கேட்டனர், வீட்டார் அடையாளங் காணாமற் கதவடைத்தனர். மாயம் இங்கே உலகை விட்டுத் தப்பும் வழியன்று; உலகை மீண்டும் உற்றுநோக்கும் வழி. இங்கிலாந்து வங்கியின் செயலாளர் கெனத் கிறகாம் தம் மகனுக்கு இரவில் உரைத்த கதைகளிலிருந்து 1908இல் ஆற்றங்கரை விலங்குகளைப் பற்றிய நூலொன்று பிறந்தது. அகழெலியும் நீரெலியும் தேரையும் அதிற் படகோட்டுகின்றன, மோட்டார் வண்டி செலுத்துகின்றன. இயற்கை விஞ்ஞானத்துக்கு இந்நூலாற் பயனில்லையென இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகை மதிப்புரை வரைந்தது. ஹூனான் தளபதிக்கு முன்னோர் இலண்டனிலும் இருந்தனர் போலும்!

வழக்கின் ஈற்றுரையை வழங்கியவராகச் சி. எஸ். லூயிஸ் அவர்களைக் கொள்ளலாம். சிறு பிராயத்திலேயே தமையனாரோடு கூடிப் பேசும் விலங்குகளின் நாடொன்றைப் படைத்து விளையாடியவர் அவர். 1950 முதல் 1956 வரை வெளிவந்த அவருடைய நார்னியா நூல்கள் ஏழும் பேசும் விலங்குகள் நிறைந்தவை. சிறுவர்க்கு எழுதுதல் பற்றி 1952இல் ஆற்றிய உரையில் அவர் றூசோவின் வழிவந்தோர்க்கு மறுமொழி கூறினார். மாயக் கதை பிள்ளையை ஏமாற்றுவதில்லை. உலகம் அவ்வாறிருக்குமென எப்பிள்ளையும் எதிர்பார்ப்பதில்லை. பள்ளி வாழ்க்கையை மெய்போலக் காட்டி, எவர்க்கும் கிட்டாத வெற்றிகளை எளிதிற் கிட்டுவனவாகச் சித்திரிக்கும் கதைகளே ஏமாற்ற வல்லவை என்பது அவர் வாதம்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். றொஸ்கோ தம் மகனுக்கும், கறோல் அலிஸுக்கும், பொற்றர் நோயுற்ற சிறுவனுக்கும், கிறகாம் தம் மகனுக்கும் கதை கூறினர். கிப்ளிங்கின் ‘அவ்வாறே’ கதைகளும் அத்தகையனவே. சொன்ன சொல் சற்றும் மாறாது அவ்வாறே சொல்ல வேண்டுமென அவர் மூத்த மகள் அடம்பிடித்தமையாற் பிறந்தது அப்பெயர். 1902இல் அந்நூல் முழுமையாக வெளிவருமுன்பே, 1899இல், ஆறு வயதில் அக்குழந்தை இறந்துவிட்டது. இவர்கள் எல்லோருக்கும் எதிரே ஒரு பிள்ளை அமர்ந்திருந்தது. அதன் முகம் மலர்ந்ததா, வாடியதா என்பதே அவர்கள் எழுத்துக்கு நடந்த சோதனை. சூவெல், லூயிஸ் போன்றோர் இவ்விதிக்குப் புறம்பாயினும், ஏமாறாத கேட்போர் ஒருவரை மனத்திற் கொண்டே அவர்களும் எழுதினர். கதையை அஞ்சியோரோ பெரும்பாலும் பிள்ளையைப் பற்றி எழுதினரேயன்றிப் பிள்ளையிடம் பேசினாரல்லர். திறிமர் அம்மையார் எழுதியதில் நிலைத்து நின்றதும் அவர் தம் மக்களுக்காகப் படைத்த பகுதியே.

இவ்வழக்கு நமக்குப் புறம்பானதன்று. தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையில் தந்த பஞ்சதந்திரம் நெடுங்காலம் மாணவர்க்குரிய பாடநூலாய் விளங்கிற்று. காகமும் நரியும் நம் வகுப்பறைகளிலும் பேசுகின்றன. பேசி முடித்தவுடன், இக்கதையால் நாம் அறிவது யாது என்னும் வினா எழுகின்றது. பிள்ளை எழுந்து, முன்னரே எழுதிக்கொடுத்த விடையை ஒப்புவிக்கின்றது. விடை சரியானது, மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. ஆனால் அப்பிள்ளை உள்ளத்தில் நரியின் பக்கம் நின்றதா, காகத்தின் பக்கம் நின்றதா என்பதை ஆசிரியர் அறியார். அதனை அறியவேண்டின், நீதியைக் கேட்குமுன் கதையை மீண்டுமொருமுறை பிள்ளையின் வாயாலே சொல்லச் செய்தல் வேண்டும். எவ்விடத்தில் அதன் குரல் உயர்கின்றதோ, எவ்விடத்தில் அது சிரிக்கின்றதோ, அவ்விடத்திலேயே அக்கதை அதற்குக் கற்பித்தது யாது என்பது வெளிப்படும்.